கொடிக்காலுக்குள் ஒரு டிராயிங் கிளாஸ்

பத்தாவது பரீட்சை முடிந்த அந்த மே மாதம் முழுக்க நாங்கள் நாலைந்து பேர் டிராயிங் சார் வீட்டுத் திண்ணையில்தான் கிடந்தோம். அரசு தொழில்நுட்பத் தேர்வில் 'லோயர்' ஏற்கெனவே பாஸ். அடுத்து 'ஹையர்' எழுத வேண்டும். எண்பதுகளின் கடைசியில் சோழவந்தானில் படம் வரைகிற பையனுக்கு வீட்டில் அனுமதி கிடைக்க இந்த இரண்டு சொல்லும் போதும். லோயர் இருந்தால் கோடையில் 42 நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம், அதற்குப் பிறகு என்றைக்காவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம் என்பது அப்பாக்களின் கணக்கு. எங்கள் கணக்கு வேறு. மெட்ராஸில் 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி, பின்னாளில் ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த கல்லூரி, அங்கே சேர வேண்டும். இதை யாரும் வீட்டில் சொல்லவில்லை.

சார் ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்க மாட்டார். ஆனால் பென்சிலை பிளேடால் சீவுவதில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் கறார். ஸ்கேல் தொடக் கூடாது, ரப்பர் கடைசியில்தான். ஒரு கண்ணை மூடி, முழங்கை மடங்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து நாங்கள் அளவெடுப்பதைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள், "யாரைச் சுடப் போறீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

காலையில் மாடல். ஸ்டூல் மேல் ஒரு செங்கல், பக்கத்தில் மானாமதுரை மண்பானை. பித்தளைக் குடம் அவருக்குப் பிடிக்காது, மினுக்கு கண்ணை ஏமாற்றிவிடும் என்பார். பானையின் வாயை எல்லோரும் ஒழுங்காக முட்டை வடிவத்தில் போட்டுவிட்டு, அடியை மட்டும் நேர்கோடாக இழுத்து வைப்போம். பானை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டூல் தட்டை, ஆகவே அடியும் தட்டை என்று மனசுக்குத் தெரியும். சார் திட்ட மாட்டார். "கீழ உட்காருடா" என்பார். கண் பானை வாய்க்கு நேராக வரும்போது வாய் ஒரே கோடாகிவிடும். "இப்ப மெதுவா எந்திரி." எழ எழ வாய் திறக்கும். "வாயே இவ்வளவு திறக்குதுன்னா, அதுக்கும் கீழ இருக்கிற அடி இன்னும் வளைஞ்சுதானடா தெரியணும்?" அந்த ஒரு வளைவைப் பிடிக்க எங்களுக்குப் பல காலைகள் ஆயின. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடுகிற விஷயம்.

எங்கள் வீடுகளில் சிவகாசியில் அச்சான காலண்டர்கள் தொங்கும். கொண்டைய ராஜு வரைந்த முருகனைக் கட்டம் போட்டுக் காப்பி எடுத்துத்தான் நாங்கள் எல்லோரும் வரையவே பழகினோம். சார் அதைக் கேலி செய்ததில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டே தமிழ்நாட்டுப் பூஜை அறைகளை எல்லாம் நிறைத்தவர் என்று மரியாதையாகவே பேசுவார். ஆனால் ஹையருக்கு வேண்டியது வேறு என்று சொல்லி, பழைய ஆனந்த விகடனிலிருந்து பைண்டு செய்து வைத்திருந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களைப் பிரிப்பார். நாமக்கல்லில் 1919-ல் பிறந்த சில்பி, கோயில் கோயிலாகப் போய் சிலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தவை. கல்லில் வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே நழுவுகிறது என்பது வரை கோட்டிலேயே இருக்கும். அந்த ஆசையில் ஒரு நாள் வறண்டு கிடந்த வைகை மணலைத் தாண்டித் தென்கரை மூலநாதர் கோயிலுக்குப் போனோம். தூணில் இருந்த யாளியை மூன்று மணி நேரம் முறைத்துவிட்டு, வாலை மட்டும் வரைந்துகொண்டு திரும்பினோம்.

டிசைன்தான் எங்களுக்குப் பயம். பரீட்சையில் ஒரு கட்டம் கொடுத்து, பூவும் இலையும் வைத்துச் சேலைக் கரைக்கு டிசைன் போடு என்பார்கள். நாங்கள் போட்ட பூ உலகத்தில் எங்கும் பூக்காது. அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் சார் எங்களை வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கூட்டிப்போனார்.

செருப்பை வரப்பிலேயே விட்டுவிட வேண்டும், கொடிக்காலுக்குள் செருப்புக் கால் படக் கூடாது. வெளியே கத்தரி வெயில் கொளுத்தும். உள்ளே அகத்தி நிழலில் ஈர மண் காலைப் பிடிக்கும், காரமும் பச்சையும் கலந்த ஒரு வாசனை வரும். அகத்தியில் நார் போட்டுக் கட்டிய வெற்றிலைக் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பிடித்து ஏறியிருக்கும். சார் ஒரு இலையைக்கூடக் கிள்ள விடவில்லை. கொடியிலேயே பார்க்கச் சொன்னார். வெற்றிலை என்றால் சீட்டுக்கட்டு ஆட்டின் மாதிரி இரண்டு பக்கமும் சமம் என்றுதான் அதுவரை வரைந்திருந்தோம். காம்புகிட்டே ஒரு தோள் சற்று இறங்கியிருந்தது. நரம்புகள் அடியிலிருந்து கிளம்பி வளைந்து வளைந்து நுனியைத் தேடிப் போயின. கணுவுக்கு ஒன்றாக இலை இடமும் வலமும் மாறி மாறி விட்டிருந்தது. "இதாண்டா கரை. இதுக்கு மேல நீ என்னத்தக் கற்பனை பண்ணப் போற?" என்றார் சார்.

இலை வந்தது, சேலை வரவில்லை. அதற்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கொண்டுவரச் சொன்னார். துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளி. வாசலில் புள்ளி வைத்துச் சுற்றி இழுக்கிற கோலமும் இதுவும் ஒரே வேலை என்று காட்டினார். இலைகளுக்கு நடுவில் கிடக்கிற காலி இடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போஸ்டர் கலரில் வெள்ளை டப்பாவைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்: தாளின் வெள்ளையை விட்டு வை, அது போதும். இன்றைக்கும் நல்ல டிசைனை நான் எடை போடுவது இதை வைத்துத்தான். கம்ப்யூட்டரில் போட்ட பல டிசைன்கள் இதில் தோற்றுவிடுகின்றன.

வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா கொடியேறியதும் வகுப்பு தானாகக் கலைந்தது. வரவேற்புத் தட்டிக்கு எழுத்து எழுத எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். டீயும் வடையும் கூலி.

2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கும் அதே வருஷம். சார் இருந்திருந்தால் தன் ஸ்டூலுக்கும் கேட்டிருப்பார்.

கொடிக்காலில் வரைந்த படத்தை முதலில் பார்த்தவர் அதன் சொந்தக்காரர். வெற்றிலையை வாயின் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா அம்புட்டும் கொழுந்து. கிள்ள இன்னும் பத்து நாளாகும்." சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவனுக்கு இது தெரியாது என்றார்.