வழி கரைத்துச் செல்லும் நீச்சல்

குளத்தில் நீந்துபவர் கைவீச்சை நிறுத்தினாலும் சற்றுத் தொலைவு முன்னேறுவார். நிலைமம் அவரைச் சுமந்து செல்லும். பாக்டீரியாவுக்கு அப்பேறு இல்லை. கசையிழையின் சுழற்சி நின்றால், ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் அது நின்றுவிடும். அத்துணைச் சிற்றுடலுக்குத் தண்ணீரே பாகாகிவிடுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1976இல் ஆற்றிய உரையொன்றில் இவ்வியப்பை விளக்கினார்.

தண்ணீரிலேயே இந்நிலை என்றால், மனித இரைப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கோழைப்படலத்தில் நீந்துவது எங்ஙனம்? கோழை வெறும் கெட்டித் திரவம் அன்று. மியூசின் என்னும் நீண்ட புரத இழைகள் பின்னிய வலை. அமிலம் மிகுந்தால் அது களியாக இறுகும். உணவோடு வரும் நுண்ணுயிரிகளுள் பெரும்பாலானவற்றை அமிலமே கொன்றுவிடும். தப்பியவற்றை வலை தடுக்கும்.

இவ்விரு காவலையும் கடப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும், வயிற்றுப்புண்ணுக்கு அதுவே காரணம் என்றனர். மனக்கவலையையும் அமிலமிகுதியையும் காரணமாகக் கருதிவந்த மருத்துவ உலகம் ஏற்கத் தயங்கியது. 1984இல் மார்ஷல் அந்நுண்ணுயிரியை வளர்த்த கரைசலைத் தாமே பருகினார். சில நாள்களில் வாந்தி எடுத்தார், இரைப்பையில் அழற்சி கண்டது. துணிவு வியப்புக்குரியது, பின்பற்றத்தக்கது அன்று. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அது கோழையைக் கடக்கும் விதம் மட்டும் நெடுநாள் தவறாகவே எண்ணப்பட்டது. முறுக்கிய உடலைக் கண்டோர், மரத்தில் இறங்கும் திருகாணிபோல் அது கோழையைத் துளைத்துச் செல்வதாகக் கருதினர். உவமை அழகானதுதான், ஆயினும் உண்மை வேறு. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பன்றியின் இரைப்பை மியூசினாலான அமிலக் களியில் அதனை இட்டுப் பார்த்தனர். யூரியா இல்லாதபோது கசையிழைகள் சுழன்றன. உடலோ சிக்கி நின்றது. யூரியா கிடைத்ததும் நிலை மாறியது. பாக்டீரியா தன் யூரியேஸ் நொதியால் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கியது. அம்மோனியா சுற்றியிருந்த அமிலத்தைத் தணித்தது. அமிலம் தணியவே களி இளகி நீர்மமாயிற்று. அதன்பின் பிற பாக்டீரியாக்களைப் போலவே அதுவும் நீந்திச் சென்றது.

சுவரருகே அமிலம் குறைவு; அங்குச் சென்றால் பிழைக்கலாம். ஆனால் இரைப்பை ஓயாமல் புதுக்கோழையைச் சுரந்து, பழையதை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சேர்ந்த இடத்தில் தங்குவதற்கும் அச்சிற்றுயிர் நீந்தியாக வேண்டும்.