ரெண்டு முட்டை, அஞ்சு பேர்

மானாமதுரைப் பக்கம் எங்கள் வீட்டில் கோழி இட்ட முட்டைகளில் பெரும்பாலானவை அடைக்குப் போய்விடும். மிஞ்சியதை அப்பத்தா அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். பொரியல் என்றால் அதிலிருந்து இரண்டுதான் வெளியே வரும். சாப்பிட ஐந்து பேர். சின்ன வெங்காயம்தான் கணக்கை நேர் செய்யும்.

உரிப்பது என் வேலை. தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். முட்டையைச் சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். மிதந்தால் பழசு, கழித்துவிடுவாள்.

இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயத்தோடேயே உப்பைப் போட்டால் நீர் விட்டுச் சீக்கிரம் வதங்கும். சிவக்க விடமாட்டாள், கண்ணாடி போல ஆனதும் மஞ்சள் தூவி, சட்டி விளிம்பில் தட்டி முட்டையை நேராக ஊற்றுவாள். அடித்துக் கலக்குவதில்லை. வெள்ளை லேசாகப் பிடித்த பிறகே கரண்டி போகும். வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரியும் அந்தப் பொரியலின் ருசி, நுரைக்க அடித்து ஊற்றியதில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

"ஈரம் இருக்கையிலேயே எறக்கிரணும்யா. மிச்சத்தைச் சட்டிச் சூடு பாத்துக்கும்" என்பாள். கடைசியில் மிளகுத்தூள்.

பச்சை முட்டை குடித்தால் பலம் என்று ஊரே சொன்னாலும் எங்களுக்குத் தரமாட்டாள். "வெந்தாத்தான் ஒடம்புல ஒட்டும்." அவள் சொன்னது சரி. வெந்த முட்டையின் புரதமே உடம்பில் நன்றாகச் சேர்கிறது. பச்சை வெள்ளைக்கருவின் அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். மஞ்சள் கருவில் ஏ, டி, பி12 வைட்டமின்கள். முட்டையில் இல்லாத வைட்டமின் சி, வெங்காயத்திலும் மிளகாயிலும் இருந்து கொஞ்சம் வந்து சேரும்.

1982-இல் தொடங்கிய சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அக்கா அதைத் தின்னாமல் பாவாடையில் முடிந்து எடுத்து வருவாள். அப்பத்தா அவளைக் கடிந்துகொண்டே அதையும் நறுக்கி வெங்காயத்தில் புரட்டுவாள்.

எல்லோருக்கும் வைத்து முடித்ததும் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைவாள். அந்தச் சட்டிச் சோற்றுக்கு ஆள்மாற்றி முறை வைத்திருந்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு மட்டும் முறை கிடையாது; முழுதும் அதற்குத்தான்.