மைனஸ் டபிள்யூ

ஒரகடம் கூட்டுரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்கும் டீ கிடைக்கும். செகண்ட் ஷிப்ட் முடித்துத் திரும்பும் கம்பெனி பஸ்களும் நைட் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களும் ஒன்றையொன்று கடக்கும் நேரம் அது. 2025 செப்டம்பரில் ஒருநாள் அந்தக் கடையில் நின்றுகொண்டு ஃபோனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர் கிளாசை நீட்டியபடியே, "வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார். ஸ்கேன் ரிப்போர்ட் என்று நினைத்துவிட்டார். அது ஒரு சி புரோகிராமை கம்பைல் செய்தபோது வந்த எர்ரர் பட்டியல். ஷாப் ஃப்ளோரில் இன்டர்நெட் கிடையாது. அதனால் திரையை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தேன்.

எங்கள் கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் போகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் பெரிய பெயர்ப்பலகைகள்தான். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான், 2012இல் டைம்லர், அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு. இந்தப் பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சாலைகளில் எங்களைப் போன்ற ஷெட்கள். கார் செய்கிறவர்களுக்குப் பாகம் செய்கிறவர்கள், அவர்களுக்குப் பாகம் செய்கிறவர்கள் நாங்கள். காரில் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவீர்கள் இல்லையா, அந்த சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பு ரயில் எங்கள் சரக்கு.

ரயில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் கடைசி செக்கிங். ஒரு மோட்டார் ரயிலை இழுக்கும், ஒரு லோட் செல் விசையை அளக்கும், பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை என்றால் டப்பாவுக்குள், சிவப்பு என்றால் ரிஜெக்ட் தொட்டிக்குள். 2016இல் லைன் போட்டபோது அந்த புரோகிராமை எழுதியவர் என் சீனியர். பாலிடெக்னிக் படித்தவர், வாலாஜாபாத்காரர். இன்ஜினியரிங் முடித்து வந்த எனக்கு சோல்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மூன்று வருடம் முன்பு ரிட்டயர் ஆகிவிட்டார். புரோகிராம் ஆகவில்லை.

ஓடுகிற வண்டியைப் பிரிக்காதே என்பது ஃபேக்டரியில் வேதவாக்கு. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7. 2024 ஜூன் 30ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. கஸ்டமர் ஆடிட்டில் அதைக் குறித்துவிட்டுப் போனார்கள். ஹார்ட் டிஸ்கும் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, அப்போதுதான் வெளிவந்திருந்த டெபியன் 13ஐப் போட்டேன். பழையதில் இருந்த கம்பைலர் ஜிசிசி 4.8.5, புதியதில் ஜிசிசி 14.2. நடுவில் கிட்டத்தட்ட பத்து வருடம். ஒரு மத்தியானம் போதும் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தேன்.

மேக் என்று தட்டியதும் திரை ஓடிக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் ஒரே எர்ரர்தான்: இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. சி மொழிக்கு முன்னால் கென் தாம்ப்ஸன் உருவாக்கிய பி என்று ஒரு மொழி இருந்தது. அதில் டைப் என்பதே கிடையாது, எல்லாம் ஒரே அளவு எண்தான். டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் அதை சி ஆக வளர்த்தபோது பழைய பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் அறிமுகப்படுத்தாத ஒரு ஃபங்ஷனை அழைத்தால், "சரி, அது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் போலிருக்கிறது" என்று கம்பைலர் தானாக எண்ணிக்கொள்ளும். கல்யாண வீட்டில் யாரென்றே தெரியாதவர் பந்தியில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீடு என்று நினைத்து இலை போடுவோமே, அதுபோல. 1999இல் வந்த சி99 தரநிர்ணயம் இந்தப் பழக்கத்தை நீக்கியது. ஆனாலும் உலகத்தில் இருக்கும் பழைய புரோகிராம்கள் எல்லாம் உடைந்துபோகுமே என்று ஜிசிசி அதை வெறும் வார்னிங்காக விட்டுவைத்தது. எர்ரராக மாறியது 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14இல். சட்டம் போட்டு இருபத்தைந்து வருடம் கழித்து அமல்.

என் தலைமுறைக்கு இதெல்லாம் காலேஜில் யாரும் சொல்லவில்லை. லேபில் நாங்கள் தொட்டது போர்லாண்டின் டர்போ சி. நீலத் திரை, வாய்ட் மெயின், சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்சிஎச். 1990களின் தொடக்கத்தில் வந்த கம்பைலரை வைத்துக்கொண்டு 2000களின் கடைசியிலும் பிராக்டிகல் எக்ஸாம் எழுதினோம். அதில் இன்ட் என்பது பதினாறு பிட். 8 ஃபேக்டோரியல் 40320 என்று வர வேண்டிய இடத்தில் மைனஸ் 25216 என்று வரும். "ஏழு வரைக்கும் போட்டுக் காட்டு, போதும்" என்பார் லேப் அசிஸ்டென்ட். போட்டுக் காட்டி, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கினோம். இந்த ஊர் ஷெட்களில் ஓடும் சி புரோகிராம்களில் பாதியாவது அந்த நீலத் திரையில் பழகிய கைகள் எழுதியதாகத்தான் இருக்கும்.

குறுக்கு வழி ஒன்று இருந்தது. எஃப்பர்மிஸிவ் என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் ஜிசிசி 14 பழையபடி இறங்கிவரும். கொடுத்தேன். கம்பைல் ஆனது. புரோகிராம் தொடங்கிய மறு நொடி செக்மென்டேஷன் ஃபால்ட்.

அதற்கும் காரணம் கிடைத்தது. மெமரி ஒதுக்கும் ஒரு ஃபங்ஷனை சீனியர் அறிமுகப்படுத்தாமலே அழைத்திருந்தார். அது தருவது அறுபத்துநான்கு பிட் முகவரி, கம்பைலர் நினைத்துக்கொண்டது முப்பத்திரண்டு பிட் எண். பாதி முகவரி வெட்டுப்பட்டுப் போகும். பழைய கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் மெமரியின் அடிவாரத்திலேயே குடியிருந்தன. அங்கே முகவரிகள் சின்னவை, வெட்டுப்பட்ட பாதியில் இருந்ததெல்லாம் பூஜ்யம், அதனால் நஷ்டம் தெரியவில்லை. புது சிஸ்டத்தில் பாதுகாப்புக்காக புரோகிராமை எங்கோ உயரத்தில், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒன்பது வருடமாக கதவு எண்ணை மட்டும் எழுதித் தபால் போட்டிருக்கிறோம். தெருவே ஒன்றுதான் என்பதால் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, முறையாகவே செய்வோம் என்று மேக்ஃபைலைத் திறந்தேன். அதில் மைனஸ் டபிள்யூ என்று இருந்தது. சின்ன டபிள்யூ. வார்னிங் எதையும் காட்டாதே என்று அர்த்தம். எர்ரரை அது மறைக்காது, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதை அழித்துவிட்டு வால், எக்ஸ்ட்ரா என்ற இரண்டு ஆப்ஷன்களையும் போட்டேன். இருப்பதையெல்லாம் சொல் என்று அர்த்தம். சொன்னது. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். பெரும்பாலும் அழுக்கு, ஆபத்தில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் இது வந்தது: ஏபிஎஸ் என்ற ஃபங்ஷனுக்கு தசம எண் கொடுத்திருக்கிறீர்களே, எஃப்ஏபிஎஸ் அல்லவா வேண்டும்?

இரண்டுமே மைனஸ் குறியை நீக்கும் ஃபங்ஷன்கள். ஏபிஎஸ் முழு எண்ணுக்கு, எஃப்ஏபிஎஸ் தசம எண்ணுக்கு. தசம எண்ணை ஏபிஎஸ்ஸுக்குக் கொடுத்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அது தூக்கிப் போட்டுவிடும். சி மொழியின் சட்டப்படி இது தப்பே இல்லை, அதனால் எர்ரரும் இல்லை. இதைச் சுட்டிக்காட்டும் வார்னிங் ஜிசிசி 9இல்தான், 2019இல் வந்தது. பழைய கம்பைலரில் மைனஸ் டபிள்யூ இல்லாவிட்டாலும் இது பிடிபட்டிருக்காது. சீனியருக்காக இதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ரயிலுக்கு விசை 6 கிலோ இருக்க வேண்டும். ஒன்றரை கிலோ கூடவோ குறையவோ இருக்கலாம். 7.8 வந்தால் வித்தியாசம் 1.8, சிவப்பு காட்ட வேண்டும். ஏபிஎஸ் அந்த 1.8ஐ 1 ஆக்கிவிடும். 1 என்பது 1.5ஐவிடச் சின்னது. பச்சை.

லாக் ஃபைலைத் திறந்தேன். அந்த வாரத்தில் மட்டும் நாற்பத்தோரு ரயில்கள் ஒன்றரைக்கு மேல் விலகியும் பாஸ் ஆகியிருந்தன. அதில் வேடிக்கை, லாகில் 7.8 என்றும் பக்கத்தில் பாஸ் என்றும் ஒரே வரியில் எழுதியிருந்தது. ஒன்பது வருடம் மாசாமாசம் அதை பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறோம். சில கையெழுத்துகள் என்னுடையவை.

கை வேர்த்துவிட்டது. ஓடிப்போய் டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். கஸ்டமர் கேட்டிருந்தது இரண்டு கிலோ வரை. ஒன்றரை என்பது நாங்களே பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட உள் வரம்பு. இரண்டைத் தொட்டால் ஏபிஎஸ்ஸும் 2 என்று சொல்லி சிவப்பு காட்டிவிடும். ஆகவே டிராயிங்குக்கு வெளியே ஒரு ரயில்கூடப் போகவில்லை. திறமையால் அல்ல. வரம்பு 2.5 என்று இருந்திருந்தால் கதை வேறு.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். பிரம்ம சூத்திரத்துக்கு சங்கரர் ஒரு உரை எழுதினார், ராமானுஜர் வேறொரு உரை எழுதினார். சூத்திரம் அதேதான். கம்பைலரும் ஒரு உரையாசிரியர்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றும். நாம் எழுதியது ஒன்று, அவர் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்று, மெஷினில் ஓடுவது அவருடைய பொருள்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெயின்டனன்ஸ்காரரிடம் இதைச் சொன்னேன். "தூங்குப்பா" என்றார்.

திருத்தி, புதுக் கம்ப்யூட்டரை லைனில் வைத்தேன். அன்று காலை ஷிப்டிலேயே சிவப்பு வரிசையாக வர ஆரம்பித்தது. பதினொரு மணிக்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "என்னப்பா சாஃப்ட்வேர் போட்ட? பழசுல இப்படி வரலையே." அங்கே நின்றிருந்த ஆப்பரேட்டர் கான்ட்ராக்ட் பெண், செய்யாறு பக்கத்து கிராமம், சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேரோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறாள். மணிக்கு இத்தனை ரயில் என்று கணக்கு உண்டு. கணக்கு குறைந்தால் இன்சென்டிவ் போகும். என் திருத்தத்தின் விலையை முதலில் கட்டப்போவது அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சூப்பர்வைசர் போனதும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் ரிஜெக்ட் தொட்டியிலிருந்து ஒரு ரயிலை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளிக் காட்டினாள்.

"இது டைட்டுதான் சார். கைலயே தெரியும். பழைய கம்ப்யூட்டர் பச்சை காட்டும், நாங்க போட்டுடுவோம்."

"யார்கிட்டயாவது சொன்னியாமா?"

"போன வருஷம் சொன்னேன் சார். மெஷினே ஓகே சொல்லுது, உனக்கு என்னன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நானாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அன்று ராத்திரி சீனியருக்கு ஃபோன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேரன் எப்படி இருக்கிறான், முட்டிவலி எப்படி என்று சுற்றினேன். கடைசியில் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை.

"ஏபிஎஸ்ஸா போட்டிருக்கேன்?"

"ஆமா சார்."

"டிராயிங் ரெண்டுதானே?"

"ரெண்டு சார்."

மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் மைனஸ் டபிள்யூ பற்றிக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "கமிஷனிங் அன்னைக்கு கஸ்டமர் ஆளுங்க பின்னாடியே நின்னுட்டிருந்தாங்க தம்பி. கம்பைல் பண்ணா வார்னிங் வார்னிங்னு ஓடுது. என்ன இவ்ளோ வருதுன்னு கேட்டாங்க. மானம் போச்சு. அன்னைக்கு ஒருநாளைக்குன்னு போட்டேன். அப்புறம் எடுக்கணும்னு நெனச்சேன்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "என் பேர எழுதிடு ரிப்போர்ட்ல" என்றார். நான் எழுதவில்லை. "பழைய மென்பொருளில் ஒப்பீட்டுப் பிழை" என்று மட்டும் எழுதினேன். அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. அதே பழைய லாகில் என் கையெழுத்து இருப்பதும் நான் பெயர் எழுதாததற்கு ஒரு காரணம்.

குவாலிட்டி மீட்டிங் இரண்டு நாள் நடந்தது. கிரீஸ் மாற்றலாம், ரோலர் சப்ளையரைக் கேட்கலாம் என்றெல்லாம் பேச்சு. கடைசியில் எடுத்த முடிவு சுலபமானது. ஒன்பது வருடத்தில் கஸ்டமரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. ஆகவே உள் வரம்பை இரண்டாக்கிவிடலாம். முறையாக ஃபார்ம் நிரப்பி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, ஒன்றரை என்று இருந்த இடத்தில் இரண்டு என்று மாற்றினேன். 7.8 மறுபடியும் பச்சை. இந்த முறை கணக்குப்படி பச்சை. அந்தப் பெண்ணின் எண்ணிக்கை பழையபடி ஆனது. ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது பச்சை வந்த ரயில் ஒன்றைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்து, டப்பாவில் போட்டாள்.

எங்கள் ஷெட்டில் இப்படி இன்னும் ஆறு ஸ்டேஷன் இருக்கிறது. எல்லாம் சென்ட்ஓஎஸ் 7, எல்லாம் அதே கை எழுதியது. ஆறு மேக்ஃபைலையும் பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்தில் மைனஸ் டபிள்யூ இருக்கிறது. ஆறாவது ஸ்டேஷன் சீட் ரயிலின் லாக் பூட்டுகிறதா என்று பார்ப்பது. அதன் டிராயிங்கை இன்னும் வாங்கவில்லை. அடுத்த ஷட்டவுன் பொங்கலுக்கு.