கொதித்தாலும் போகாத நஞ்சு

கேன் மூடியைத் திறந்ததும் பால் சங்கத்து டெஸ்டர் முதலில் முகர்ந்து பார்ப்பார். புளிப்பா, மருந்து நெடியா, தொழுவத்து வாடையா என்பது அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். பிறகுதான் லாக்டோமீட்டர். தண்ணீர் கலந்தால் அதன் அளவு இறங்கும். சர்க்கரையோ உப்போ போட்டு அதை மறுபடி ஏற்றிவிடவும் முடியும். தொழில் தெரிந்தவர்கள் மீட்டரை மட்டும் நம்புவதில்லை. சந்தேகம் வந்தால் சோதனைக் குழாயில் கொஞ்சம் பாலைக் காய்ச்சிப் பார்ப்பார்கள். திரிந்தால் கேன் திரும்பிப் போகும். ஊற்றியவர் சொந்தக்காரராக இருந்தாலும் திருப்பி அனுப்பும் நெஞ்சுரம்தான் இந்த வேலைக்கு முதல் தகுதி.

இந்தியாவில் பச்சைப் பால் விற்கத் தடை கிடையாது. ஸ்காட்லாந்து 1983-லேயே தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் 1987 முதல், மக்கள் குடிப்பதற்கான பச்சைப் பாலை மாநில எல்லை தாண்டி விற்க முடியாது. இங்கே 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை பால் வாங்கிக் கையாளும் சிறு வியாபாரி பதிவு செய்துகொண்டால் போதும். கறந்த பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்கு அந்தப் பதிவும் வேண்டாம். இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தை அலுவலகத்துக்கு அலைய விடாதது நியாயம்தான். ஆனால் அதனால் முதல் காவல் முழுவதும் டெஸ்டரின் தலையில் விழுகிறது.

இரண்டாவது காவல் நம் அடுப்பு. 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கினாலே காசநோய்க் கிருமியும் புருசெல்லாவும் சால்மோனெல்லாவும் மடிந்துவிடும்; வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சுவது அதைவிடப் பலமடங்கு காப்பு. கறந்த சூட்டோடு நுரை ததும்பக் குடித்தால் உடம்புக்கு வலு என்று குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆபத்து. சினைமாடு கடைசி மாதங்களில் கன்றை வீசியிருந்தால் புருசெல்லா இருக்கலாம். அந்தப் பாலைப் பச்சையாக நாவில் வைக்கவே கூடாது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் தடுப்பூசி உண்டு.

காய்ச்சினாலும் போகாதது ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூசணம் பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளடாக்சின் மாட்டின் வயிற்றுக்குள் போய், ஈரலில் உருமாறி, பாலில் இறங்குகிறது. அடுப்புச் சூடு அதை ஒன்றும் செய்யாது. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் கலப்படம் செய்யப்பட்டவை 12. அஃப்ளடாக்சின் வரம்பை மீறியவை 368. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88. நாம் கலப்படக்காரனையே தேடிக்கொண்டிருக்கிறோம். கேடு தீவனத் தொட்டியில் இருக்கிறது.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலும் அப்படித்தான். காய்ச்சினாலும் மருந்தின் எச்சம் முழுதாகப் போய்விடாது. மருத்துவர் சொன்ன நாட்கள் முடியும்வரை அந்தப் பாலைத் தனியே கறந்து கொட்டுவது, கொழுப்புக்கும் திடப்பொருளுக்கும் மட்டும் விலை போடும் முறையில் விவசாயிக்கு முழு நஷ்டம்.

எனவே சங்கங்கள் தீவனத்தையும் சோதிக்க வேண்டும். மருந்து போட்ட நாட்களுக்கு உறுப்பினருக்கு ஈடு தர வேண்டும். மாடு வளர்ப்பவர்களே, பூசணம் கண்ட புண்ணாக்கைக் காயவைத்துக் கலக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நல்ல தீவனத்துக்கு மாற்றினால் சில நாட்களிலேயே பாலில் நஞ்சு வடிந்துவிடும்.