பின்சாய்ந்த சிறகுகள்

போர் விமானங்களைப் பற்றி வாசிக்கையில் என் மனம் வெற்றி தோல்விக் கணக்குகளில் நிலைகொள்வதில்லை. ஓர் எண்ணம் எங்கே பிறந்து, யார் கைகளின் வழியாக, எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையே தேடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் தொடக்ககால ஜெட் விமானங்களின் கதை அவ்வகையில் என்னை விட்டு நீங்காத ஒன்று.

1935-இல் ரோம் நகரில் நடந்த வோல்டா மாநாட்டில், ஜெர்மானியரான அடோல்ஃப் புஸேமன் ஒரு கட்டுரை வாசித்தார். சிறகைப் பின்னோக்கிச் சாய்த்தால், எதிர்வரும் காற்றின் வேகத்தில் சிறகின் விளிம்புக்குச் செங்குத்தான கூறு மட்டுமே அதைப் பாதிக்கும். மிகுவேகத்தில் எழும் காற்றுத்தடை குறையும் என்பது அதன் சாரம். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தியோடர் வான் கார்மனும் அவையில் இருந்தார். விருந்தின்போது இத்தாலியரான குரோக்கோ, உணவுப் பட்டியல் அட்டையின் பின்புறம் அத்தகைய விமானமொன்றை வேடிக்கையாக வரைந்து காட்டியதாகச் சொல்வார்கள். ஜெர்மனி மட்டும் அதை வேடிக்கையாக விட்டுவிடவில்லை. 1939-இலேயே கோட்டிங்கனில் காற்றுச் சுரங்கச் சோதனைகள் நடந்தன.

அமெரிக்காவில் ராபர்ட் ஜோன்ஸ் 1945-இன் தொடக்கத்தில் தனியாகவே இம்முடிவை எட்டினார். எனினும் அதே ஆண்டு ஜெர்மனியில் கைப்பற்றப்பட்ட ஆவணங்களே ஐயங்களைத் தீர்த்தன. நார்த் அமெரிக்கன் நிறுவனம் அப்போது நேர்ச்சிறகு கொண்ட ஒரே வடிவத்திலிருந்து இரு விமானங்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. தரைப்படையின் விமானப்பிரிவு தாமதத்தை ஏற்றுச் சிறகைச் சாய்க்கச் சம்மதித்தது. 1947 அக்டோபர் 1 அன்று சேபர் பறந்தது. கடற்படையோ கப்பலின் குறுகிய தளத்தில் மெதுவாக வந்திறங்க வேண்டியிருந்தது. சாய்ந்த சிறகு குறைந்த வேகத்தில் நம்பத்தக்கதல்ல. ஆகவே அதன் ஃப்யூரி நேர்ச்சிறகோடு 1946-இல் பறந்தது. அந்த எச்சரிக்கையை மடமை என்று என்னால் சொல்ல இயலவில்லை.

1950-இல் கொரிய வானில் சாய்ந்த சிறகுடைய மிக்-15 தோன்றியது. கடற்படை, தான் தவிர்த்த சேபரையே கப்பலுக்கேற்ப மாற்றிக் கேட்டது. இரண்டாவது ஃப்யூரி 1951 டிசம்பரில் பறந்தது. லிப்பிஷின் முக்கோணச் சிறகு ஆய்வுகளைத் தழுவிய டக்ளஸ் ஸ்கைரே, 1953-இல் உலக வேகச் சாதனையையே கடற்படைக்குத் தேடித் தந்தது.

தொடக்ககால சேபர்களின் சிறகு முன்விளிம்பில் தானாகத் திறந்து மூடும் தகடுகள் மெஸ்ஸர்ஷ்மிட் 262-ஐப் பின்பற்றியவை. அந்த மெஸ்ஸர்ஷ்மிட்டின் உடற்பகுதிகளை ஆஸ்திரியாவின் கூசன் முகாமின் நிலவறைகளில் கைதிகள் செய்தார்கள். பல்லாயிரவர் அம்முகாமில் மடிந்தார்கள். சமன்பாட்டுக்குக் குற்றமில்லை என்பது உண்மையே. ரோமில் அது எல்லோர் முன்னும் இலவசமாகவே வைக்கப்பட்டிருந்தது. அன்று கேளாதவர்கள் பத்தாண்டு கழித்து அதைப் பெற்றபோது, அது அந்த நிலவறைகளின் வழியாகவும் வந்திருந்தது. அறிவைப் பெறுவதில் நேரும் தாமதத்துக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.