"எனக்கு வராதுக்கா..." - தம்பிக்கு கிடார் வாங்க அண்ணா சாலைக்கு ஒரு சனிக்கிழமை!

எங்கள் வீட்டு பீரோவுக்கு மேலே ஒன்பது மாதமாக ஒரு கிடார் படுத்துக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தம்பியின் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக்கொடுத்த கிடார். ஆன்லைனில் தள்ளுபடி எல்லாம் போக 2,400 ரூபாய். கறுப்பு நிறம், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. கூடவே பை, பிளெக்ட்ரம், ஒரு செட் கம்பி எல்லாம் இலவசம். நாலரை ஸ்டார் ரேட்டிங். வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று வாரம் வாசித்தான். யூடியூப் பார்த்து ஆர்வமாகத்தான் ஆரம்பித்தான். பிறகு சாப்பிட உட்காரும்போது விரல் நுனியை ஊதிக்கொண்டே உட்கார்ந்தான். நாலாவது வாரம் கிடார் பீரோ மேல் ஏறிவிட்டது. "என்னடா ஆச்சு?" என்று கேட்டால், "எனக்கு வராதுக்கா. என் கை அதுக்கு சரிப்படல" என்றான். "ரெண்டாயிரத்து நானூறு ரூவா... தூசி தொடைக்கவா வாங்கினே?" என்று அம்மா தன் பங்குக்குக் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

போன மாதம் ஆபீஸ் போட்டோகிராபர் வீட்டுக்கு வந்திருந்தார். காலேஜ் நாள்களில் பேண்ட் வைத்து வாசித்தவர். பீரோ மேலே பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, எடுத்து சுருதி சேர்த்தார். நாலு கம்பியை அழுத்தியதும் முகம் சுருங்கியது. "இதை என்னாலயே அழுத்த முடியலயே! பதினஞ்சு வயசுப் பையன் எப்படி அழுத்துவான்?" என்றார். மூலையில் மொபைலோடு இருந்த தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. 2,400 ரூபாய் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தனக்கு சங்கீதமே வராது என்று ஒரு பையன் ஒன்பது மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறான். அதற்குக் காரணம் நான் கொடுத்த பரிசு.

அடுத்த சனிக்கிழமை அவனையும் அந்தக் கறுப்புக் கிடாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பட்ஜெட் 7,000 ரூபாய். இந்த முறை சர்ப்ரைஸ் கிடையாது. செருப்பை அளவு பார்க்காமல் வாங்குவோமா? கிடாருக்கும் கை அளவு உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

நாங்கள் பெரம்பூர்க்காரர்கள். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கிடார் புதிதில்லை. ரயில்வே ஒர்க் ஷாப்பை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த ஊர். டிசம்பர் ராத்திரிகளில் கேரல் பாடிக்கொண்டு தெருவுக்குள் வருகிறவர்களில் யாராவது ஒருவர் தோளில் கிடார் தொங்கும். தம்பிக்கு ஆசை வந்ததும் அங்கிருந்துதான். ஆனால், கேட்டுப் பழகியதற்கும் வாங்கத் தெரிவதற்கும் ரொம்ப தூரம். வீணையோ மிருதங்கமோ வாங்குவதென்றால் நம் வீடுகளில் பெரியப்பாவோ, பாட்டு டீச்சரோ, தஞ்சாவூரில் தெரிந்த யாரோ ஒருவர் முன்னால் வந்து நிற்பார். கிடாருக்கு அப்படி யாரும் கிடையாது. அதனால்தான் பலரும் என்னைப்போல ரேட்டிங் ஸ்டாரை நம்புகிறோம்.

வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம். மேலே ஏறி வந்தால் அண்ணா சாலை. ஒரு பக்கம் போனால் ரிச்சி ஸ்ட்ரீட், எந்நேரமும் ஒயரும் சார்ஜருமாக இருக்கும். இன்னொரு பக்கம் பழைய மவுன்ட் ரோடின் மிச்சங்களான உயரமான கட்டடங்கள். இந்தச் சாலைக்கும் மேற்கத்திய வாத்தியங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1842-ல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கி, பிறகு மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறிய கடை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குப் பியானோ விற்ற காலத்திலிருந்து, பிள்ளைகள் டிரினிட்டி கிரேடு தேர்வுக்காகப் படபடப்போடு வந்து நிற்கிற இந்தக் காலம் வரை அந்தப் பெயர் ஓடிவந்திருக்கிறது. 'அன்னக்கிளி' 1976-ல் வருவதற்கு முன்பு இளையராஜா, ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் கிடார் வாசித்தவர். தம்பியிடம் இதைச் சொன்னேன். "தெரியும்க்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

பெரிய கடைகளின் கண்ணாடிக்குள் வயலினும் கீபோர்டும் பார்த்துக்கொண்டே நடந்தோம். நாங்கள் கடைசியில் நுழைந்தது பக்கத்துத் தெருவில், மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சின்னக் கடை. போட்டோகிராபர் சொல்லி அனுப்பிய இடம். சுவர் முழுக்கக் கிடார், ஓரத்தில் ரெண்டு ஹார்மோனியம், நடுவில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் அறுபது வயதைத் தாண்டிய ரிப்பேர்க்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி.

"முதல்ல இதைப் பாருங்க சார்" என்று கறுப்புக் கிடாரை நீட்டினேன். துப்பாக்கி குறி பார்ப்பதுபோலத் தலைப்பக்கத்திலிருந்து கழுத்து நெடுக ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ரெண்டு ஒரு ரூபாய் காசை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட் மேல், கம்பிக்குக் கீழே நுழைத்தார். காசு தொளதொளவென்று உள்ளே போனது. "ரெண்டு காசு சேர்ந்தா கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர்மா. நல்ல கிடார்ல இது இடிக்கணும். 2, ரெண்டரைக்குள்ள இருந்தா சுகம். இது அஞ்சு இருக்கு."

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவிலுள்ள இந்த உயரத்துக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயர். ஆறு இரும்புக் கம்பிகளையும் முறுக்கி சுருதி சேர்த்தால், எல்லாம் சேர்ந்து கழுத்தை சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கின்றனவாம். அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் 'டிரஸ் ராட்' என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. கழுத்து வளைந்தால் சாவி போட்டு அதைத் திருகிச் சரிசெய்யலாம். எங்கள் கிடாரில் சாவி போடும் துளையே இல்லை. கழுத்து வில்லாக வளைந்துவிட்டது.

"சரி பண்ண முடியாதா?"

"பண்ற காசுக்குப் புதுசு வாங்கிடலாம்." பிறகு தம்பியைப் பார்த்து, "எவ்வளவு நாள்பா இதுல வாசிச்ச?" என்றார்.

"மூணு வாரம் அங்கிள்."

"மூணு வாரமா? பரவால்லையே!"

தம்பி சிரிக்கவில்லை. ஆனால், அதுவரை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்த கை வெளியே வந்தது.

அதற்குப் பிறகு ரெண்டு மணி நேரம் ஓடியது. என் கண் முதலில் போனது நீலக் கலரில், பக்கவாட்டில் பட்டன் எல்லாம் வைத்த கிடார் மேல். ஆம்ப்ளிஃபயரில் செருகுகிற பிக்கப் உள்ளது, 6,800 ரூபாய். "மேடை ஏறும்போது வாங்கிக்கலாம். இந்த விலைல அந்தப் பட்டனுக்கு நீங்க குடுக்கற காசு மரத்துலதான் குறையும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த நீலத்தின் மேல் இப்போதும் ஒரு கண் உண்டு என்பது வேறு விஷயம்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரைக் கொடுத்தார். விரலுக்கு மெத்தென்று இருந்தது. ஆனால், கழுத்து அகலம் அதிகம். ஆறு கம்பியும் தொடங்குகிற 'நட்' இடத்தில் அதற்கு 52 மில்லிமீட்டர் வரை வரும், இரும்புக் கம்பி கிடாரில் 43-ஐ ஒட்டி இருக்கும். தம்பியின் கை சின்னது. தவிர அவன் வாசிக்க ஆசைப்படுவது சினிமாப் பாட்டு. 1982-ல் வந்த 'இளைய நிலா'வின் அந்தக் கிடார் சத்தம்தான் அவன் மனதில் இருக்கிறது. இரும்புக் கம்பி என்று முடிவானது. இடதுகை வாசிப்புக்குத் தனிக் கிடார் உண்டு, எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அளவு அடுத்த விஷயம். கடைகளில் 38, 39, 40, 41 இன்ச் என்று முழு நீளத்தைச் சொல்லி விற்கிறார்கள். 41 இன்ச் என்பது பெரிய வயிறு உள்ள 'டிரெட்நாட்'. சத்தம் கணீரென்று இருக்கும். ஆனால், அதை மடியில் வைத்ததும் தம்பியின் வலது தோள் காதுவரை தூக்கிக்கொண்டது. 40 இன்ச்சில் இடுப்பு ஒடுங்கிய ஒன்றைக் கொடுத்தார். தோள் இறங்கியது. இதை எந்த வெப்சைட்டும் எனக்குக் காட்டியிருக்காது.

யமஹா எஃப்280 எட்டாயிரத்துக்கு மேல் போனது. தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டோம். கொல்கத்தாவின் கிவ்சன் கிடார்கள் எங்கள் பட்ஜெட்டுக்குள் இருந்தன. கடைசியில் போட்டி இரண்டுக்கு நடுவில் வந்து நின்றது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே விலை, 5,600. ஒரே மாடல் என்றால் ஒரே மாதிரிதானே இருக்கும்? இல்லை. ஒன்றில் கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் ரம்பப் பல்போல உரசின. இன்னொன்றில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கம்பியைத் திறந்து மீட்டி, அதே கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டச் சொன்னார். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். முதல் கிடாரில் சற்று ஏறிக் கேட்டது, ட்யூனர் முள்ளும் காட்டிக்கொடுத்தது. ரெண்டாவதில் சரியாக நின்றது. பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, எங்காவது 'ஜிர்ர்' என்று அதிர்கிறதா என்று கேட்டார். பொறுமையாக, வெண்டைக்காய் முனை ஒடித்துப் பார்க்கிற மாதிரி.

"பிளைவுட் டாப்தானே சார் இது?" என்று கேட்டேன். ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுப் போயிருந்தேன். சிரித்தார். "சாலிட் மரம் சத்தம் நல்லா இருக்கும், இல்லைங்கல. ஆனா, நம்ம ஊரு ஈரக்காத்துக்கு அதைக் குழந்தை மாதிரி பாத்துக்கணும். கத்துக்கற பிள்ளைக்கு இது போதும்."

வாங்கியதோடு அவர் விடவில்லை. கம்பி உட்காரும் 'சேடில்' என்ற வெள்ளைப் பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து உயரத்தைக் குறைத்தார். கம்பியைக் கழற்றிவிட்டு '010' செட் என்கிற மெல்லிய கம்பி போட்டார். இப்போது அந்த ரெண்டு ஒரு ரூபாய் காசு உள்ளே போகாமல் இடித்தது. கடையில் வாங்கிய கிடாருக்கு இந்த வேலைக்குத் தனிக் காசு வாங்குவதில்லையாம். கம்பிக்கு 350, கொஞ்சம் தடிமனான பைக்கு 450. பழைய கிடாரின் சாவிகள் மட்டும் எதற்காவது உதவும் என்று 200 ரூபாய் கழித்துக்கொண்டார். மொத்தம் 6,200. வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைக்க வேண்டும், வியர்வையில் துருப்பிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழேயும் வெயிலில் நிற்கிற காருக்குள்ளும் வைக்கக் கூடாது. இதை அவர் ரெண்டு தடவை சொன்னார்.

மிச்சக் காசு இருந்ததால் திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்து ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சாப்பிட்டோம். கிடாருக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டான் தம்பி. சப்ளையர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ரெண்டு வாரம் ஆகிறது. எஃப் கார்டு இன்னும் வரவில்லை. ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய கார்டு அது. விரல் இப்போதும் வலிக்கிறது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் வலிக்கும் என்று ரிப்பேர்க்காரர் முன்னாலேயே சொல்லியிருந்தார். "வரலையாடா?" என்று நேற்று கேட்டேன். "இன்னும் வரலக்கா" என்றான்.

அம்மா விலை கேட்டார், சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் பீரோ மேல் காலியாக இருந்த இடத்தில் பழைய டிரங்குப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தார். கிடாருக்கு ஹாலில், டிவி பக்கத்துச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.