தக்காளியின் அடி ஏன் கறுக்கிறது?

சகோதரிகளே! உங்கள் வீட்டு முற்றத்துத் தக்காளியின் அடிப்பக்கம் சூடு வைத்தாற்போல் கறுத்து, உள்வாங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் பாதி பருக்கும் முன்பே இந்தக் கோலம். எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் இதைக் கண்டதும் "பூச்சி விழுந்துட்டு" என்று மருந்துக் கடைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் உண்டு. இது பூச்சியுமில்லை, பூஞ்சணமுமில்லை. எந்த மருந்தடித்தாலும் போகாது. காசு போய், நஞ்சு வீட்டுக்குள் வந்ததுதான் மிச்சம்.

காயின் நுனிக்குக் கல்சியம் போய்ச் சேராததே காரணம். அதற்காக முட்டை ஓட்டை இடித்துக் கொட்டத் தொடங்கிவிடாதீர்கள். அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். பெரும்பாலும் குறைவது கல்சியமல்ல, அதைச் சுமந்து செல்லும் தண்ணீர். வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்த நாளில் இலைகளே நீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும், காய்க்கு மிஞ்சாது. கற்பிட்டிக் குடாநாட்டு மணலோ காலையில் குடித்ததை ளுஹருக்குள் இழந்துவிடும். இரண்டு நாள் மறந்திருந்து, மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால் காய் வெடிக்கவும் செய்யும். களப்பை அண்டிய கிணற்றில் உப்பேறியிருந்தால் பாடு இன்னும் அதிகம். உப்பு, வேரை நீர் உறிஞ்ச விடாது.

செடி வாடி நின்றால் நாம் செய்வது என்ன? ஒரு பிடி யூரியா! இலை கொழுகொழுவென்று வரும், அடி இன்னும் கறுக்கும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நமது நிலத்தடி நீர் மணலுக்குக் கீழே அதிக ஆழத்தில் இல்லை. போட்ட உரம் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கற்பிட்டிப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தோட்டங்களில் கொட்டுவதை நம்மால் தடுக்க முடியாதுதான். கிணற்றடியில் நிற்கும் ஆறு செடிக்கு நாமும் ஏன் கொட்ட வேண்டும்?

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு முழ ஆழக் குழியில் தேங்காய் மட்டைகளைக் குழிப்பக்கம் மேலே இருக்க அடுக்கி, மேலே மக்கிய ஆட்டெருவும் மணலும் போட்டு நடுகிறேன். மட்டை நீரைப் பிடித்து வைக்கும். (களப்பில் ஊறிய மட்டை வேண்டாம், அதில் உப்பிருக்கும்.) செடியைச் சுற்றிச் சருகு. வுழூச் செய்யும் இடத்திலிருந்து சிறு வாய்க்கால் ஒன்றைப் பாத்திக்கு இழுத்திருக்கிறேன். சவர்க்காரம் படாத தண்ணீர், நாளுக்கு ஐந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. தக்காளிக்கு இதைவிட ஒழுங்கான தண்ணீர் யார் ஊற்றப் போகிறார்கள்! கடும் வெயில் நாளில் மட்டும் மாலையில் ஒரு வாளி கூடுதலாக. அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் கூடினால் கல்சியத்துக்கு இடம் கிடைக்காது.

இலைகளை மொட்டையாகக் கழிக்கவும் வேண்டாம். நிழலிழந்த காய் வெயிலில் வெளிறி வெந்துவிடும். கன்னம் சிவக்கத் தொடங்கியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் பழுக்க வையுங்கள். வெடிப்புக்கும் அணிலுக்கும் தப்பும். அடி கறுத்த காயைச் செடியில் விட்டுவைப்பதில் பயனில்லை. பறித்துக் கறுப்பை வெட்டியெறிந்துவிட்டால், பூஞ்சணம் பிடிக்காத மீதி கறிக்கு உதவும்.